அன்னம் டப்பாவில் இருந்த பவுடர்

அந்த வீட்டில் எந்த டப்பாவும் உண்மை பேசாது. பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் ஊசியும் நூல்கண்டும் இருக்கும். காபித்தூள் டப்பாவில் உப்பு. சத்துமாவு பாட்டிலில் சர்க்கரை. இருமல் மாத்திரை டப்பாவில் அண்ணனுக்கு விழுந்த பால்பற்கள், ஏனென்று கேட்டால் அம்மாவுக்கே தெரியாது. 'புலிப்பல் பல்பொடி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த டப்பாவில் மிளகுத்தூள். ஒருநாள் காலை அவசரத்தில் அப்பா அதை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு போய்ப் பல் தேய்த்துவிட்டார். அன்றைக்கு அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்கள்.

அதற்குப் பிறகு அப்பா எதையும் மோந்து பார்க்காமல் தொடுவதில்லை. அவருக்கோ சளி மூக்கு. ஆகவே அந்த வேலை கடைக்குட்டி தலையில் விழுந்தது. "ஏய், இது என்னன்னு பாரு" என்று ஆளாளுக்கு ஒரு டப்பாவை அவள் முகத்துக்கு நேராக நீட்டுவார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள். ஒருநாளும் தப்பியதில்லை. இப்படித்தான் அவளுக்கு 'மூக்கி' என்று பேர் வந்தது, பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் பள்ளிக்கூடத்தோடு நின்றுபோனது.

பேருக்கேற்ற பிழைப்பும் அமைந்தது. சோப்பு, பவுடர், பினாயில் என்று வீட்டுக்கு வேண்டியதெல்லாம் செய்கிற ஒரு கம்பெனியில் அவளுக்கு மணம் பார்க்கிற வேலை. வெள்ளைக் கோட்டு, கண்ணாடிக் குடுவைகள், வெங்காயம் தின்றுவிட்டு வந்தவர்கள் உள்ளே நுழையக் கூடாத ஒரு அறை. வேலைக்கு எடுக்கும்போது மேலாளர் கேட்டார்: "உங்களுக்கு இந்த மூக்கு எங்கேருந்து வந்தது?" அவள் சற்றும் யோசிக்காமல் சொன்னாள்: "கண்ணாடி அன்னம் பவுடர்லேருந்து சார்."

கண்ணாடி அன்னம் என்றால் அந்தக் காலத்தில் தெரியாதவர் கிடையாது. உயரமான நீல டப்பா. அதன் மேல் ஒரு வெள்ளை அன்னம் கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டிருக்கும். கையில்லாத அன்னம் கண்ணாடியை எப்படிப் பிடிக்கும் என்று மூக்கிக்கும் அண்ணனுக்கும் பெரிய வழக்கே நடந்திருக்கிறது. படத்துக்கு வெளியே வேலைக்காரன் ஒருவன் நின்று பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று அண்ணன் தீர்ப்புச் சொன்னான். அந்த டப்பாவின் மூடி 'டக்'கென்று மூடிக்கொள்ளும். அவள் குளித்துவிட்டு வந்தால் அம்மா அந்த மூடியைத் திறப்பாள். முதலில் லேசாக ரோஜா. அப்புறம் ஒரு குளிர்ச்சி. கடைசியில், கழுத்தில் போட்டுக் கொஞ்ச நேரம் கழித்து, அப்போதுதான் சீவிய பென்சிலின் வாசனை. வீட்டில் உண்மை பேசிய ஒரே டப்பா அதுதான். பவுடர் டப்பாவைத் திறந்தால் உள்ளே பவுடர் இருந்தது. இதைவிட ஒரு குழந்தைக்கு வேறென்ன நம்பிக்கை வேண்டும்?

அந்தப் பவுடர் கம்பெனி இழுத்து மூடி முப்பது வருஷம் ஆகிவிட்டது. இப்போது மூக்கியின் கம்பெனி அந்தப் பேரை விலைக்குக் கேட்டது. பழைய பொருள்களைப் பார்த்தால் ஜனங்களுக்கு வாயெல்லாம் பல்லாகிவிடுகிறது, அதனால் அன்னத்தைத் திரும்பவும் பறக்கவிடலாம் என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றிவிட்டது. பழைய முதலாளி காலமாகியிருந்தார். அவருடைய மகள் இருந்தார். அறுபதைத் தாண்டியவர், நிமிர்ந்த நடை, பேச்சு கத்தரி மாதிரி. அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'அன்னத்தம்மா' என்று பேர். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "எங்கப்பா செஞ்ச வாசனை அப்படியே வரணும். நான் மோந்து பாத்து இதுதான்னு சொன்னாத்தான் கையெழுத்து."

செய்முறை எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. பழைய முதலாளி கதவைச் சாத்திக்கொண்டு தானே கலப்பாராம். பழைய சாமான் சேகரிக்கிறவரிடம் ஒரு டப்பாவை வாங்கி வந்தார்கள், அதில் துருவின் வாசனைதான் மிச்சம். "கவலையே படாதீங்க சார், எனக்கு அது மனப்பாடம்" என்றாள் மூக்கி. மேலாளர் கவலையை விட்டார். அங்கேதான் வந்தது வினை.

முதல் மாதிரியை அன்னத்தம்மா மோந்து பார்த்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"இது என்னம்மா?"

"அன்னம் பவுடர்ங்க."

"எங்கப்பா பவுடர் வித்தாரும்மா. பென்சில் விக்கல."

மூக்கிக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. நாலு வயசிலிருந்து போட்டுக்கொண்ட பவுடர் தனக்குத் தெரியாதா? எலுமிச்சம்பூ வரணும், பின்னாலேயே சந்தனம் வரணும் என்று அன்னத்தம்மா சொன்னார். அந்த அம்மாவுக்கு வயசாகிவிட்டது, வேறு எதையோ போட்டுக் குழப்பிக்கொள்கிறார் என்று மூக்கி நினைத்தாள். அடுத்த மாதிரியில் மரியாதைக்காகக் கொஞ்சம் எலுமிச்சம்பூவைச் சேர்த்தாள், ஆனால் பென்சிலை விடவில்லை. அதுவும் திரும்பி வந்தது. மூன்றாவதில் சந்தனத்தையும் சேர்த்தாள், பென்சிலை விடவில்லை. "ஸ்கூல் பைக்குள்ள சந்தனக்கட்டை வச்ச மாதிரி இருக்கு" என்றார் அன்னத்தம்மா.

மேலாளர் அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"வெள்ளிக்கிழமை கடைசி. அந்தக் காலத்துல அன்னம் போட்டவங்க ஒரு டஜன் பேரை வரச் சொல்லியிருக்கேன், அந்த அம்மாவும் வராங்க. இதுவும் ஊத்திக்கிச்சுன்னா அன்னத்தை மறந்துட வேண்டியதுதான். உங்களைப் பினாயில் பிரிவுக்கு அனுப்பச் சொல்லி மேலேருந்து ஆர்டர்."

பினாயில் பிரிவு என்பது இரண்டாவது கட்டடம். வாசலிலேயே கண் எரியும். அங்கே போன முந்தைய மணக்காரர் ஒருவர் இப்போது பால் கெட்டுவிட்டதா என்று பெண்டாட்டியைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். மூக்கியிடம் சொத்தென்று சொல்லிக்கொள்ள இருந்தது அந்த மூக்கு ஒன்றுதான். அதுவும் போனால் அவள் யார்?

அன்று சாயங்காலமே அம்மா வீட்டுக்குப் போனாள். இதற்கு முன்பே போயிருக்கலாம். ஆனால் மனப்பாடம் என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் புரட்டுவது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. அம்மா இப்போது அண்ணன் குடும்பத்தோடு இருந்தாள், சமையலறை மட்டும் அம்மாவின் ஆட்சியிலேயே இருந்தது. அலமாரியில் அந்தப் பழைய பட்டாளம் அப்படியே நின்றது. புலிப்பல் டப்பாவில் இப்போது சோடா உப்பு. 'இடிமுழக்கம் வலி தைலம்' என்று போட்ட வாயகன்ற பாட்டில்கள் ஒரு வரிசை, ஒன்றில் கிராம்பு, ஒன்றில் ரப்பர் வளையம், ஒன்றே ஒன்றில் பாவம், தைலம்.

"அம்மா, அந்த அன்னம் டப்பா எங்க?"

"இருக்குடி, எங்க போகும்? மேல் தட்டுல பாரு. பட்டன் போட்டு வச்சிருக்கேன்."

இருந்தது. நீலம் வெளுத்திருந்தது. அன்னத்துக்கு ஒரு கண் தேய்ந்து போயிருந்தது, ஆனாலும் கண்ணாடியை விடவில்லை. பட்டன்களைத் தட்டில் கொட்டிவிட்டு மூக்கி மூடியின் உள்விளிம்பில் நகத்தால் சுரண்டினாள். கொஞ்சம் வெள்ளையாக உதிர்ந்தது. மோந்தாள். லேசான ரோஜா. குளிர்ச்சி. பென்சில்!

"பாத்தியா! பாத்தியா!" என்று அவள் சமையலறையில் குதித்தாள். "என் மூக்கு பொய் சொல்லுமா? அந்த அம்மா என்னவோ எலுமிச்சம்பூவாம், சந்தனமாம்! வெள்ளிக்கிழமை இந்த மூடியைக் கொண்டுபோய் அவங்க முன்னாடி வைக்கிறேன்."

அம்மா அடுப்பை அணைத்தாள். "எலுமிச்சம்பூதானே? ஆமா, அப்படித்தான் இருக்கும். சந்தனம் பின்னாடி வரும்."

"எதும்மா?"

"அன்னம் பவுடர்."

"அப்ப இது?"

"இது மூலைக்கடை உதிரிப் பவுடர்டி. மரப்பெட்டியில வரும். கடைக்காரர் கரண்டியால அள்ளி நிறுத்துப் பொட்டலம் கட்டித் தருவாரு. பெட்டி வாசம் பவுடர்ல ஏறிடும், அதான் உன் பென்சிலு. பென்சில் செய்ற மரத்துலதான் அந்தப் பெட்டியும் அடிப்பாங்களாம்."

மூக்கி பட்டன் தட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னம் என் கல்யாணத்துக்கு வந்த டப்பா" என்று அம்மா வெகு சாதாரணமாகத் தொடர்ந்தாள். "பவுடர் ஆறே மாசத்துல தீந்துபோச்சு, உங்க அண்ணன்கூடப் பொறக்கல. நல்ல டப்பா, மூடி அவ்வளவு இறுக்கம், யாராவது தூக்கிப் போடுவாங்களா? அதுலயே உதிரியைக் கொட்டிக் கொட்டி வச்சுக்கிட்டேன்."

"அப்ப நான் அன்னம் பவுடர் போட்டதே இல்லையா?"

"டப்பாவுலேருந்துதானே போட்டே!"

சத்தம் கேட்டு வந்த அண்ணன் வாசற்படியில் நின்று விழுந்து விழுந்து சிரித்தான். "ஏய் மூக்கி, பல்பொடி டப்பாவுல மிளகு இருந்த வீடு இது. பவுடர் டப்பாவுல பவுடர் இருந்தா உனக்கு அப்பவே சந்தேகம் வந்திருக்க வேணாமா?"

அவளுக்கு அழுகை வந்தது. இது சிரிக்கிற விஷயம் என்று தெரிந்தும் வந்தது. நாற்பது வயதில் ஒருத்தியைக் கூப்பிட்டு உன் குழந்தைப் பருவத்தில் லேபிள் மாற்றி ஒட்டியிருந்தது என்று சொன்னால் யாருக்குத்தான் வராது? அம்மா மேல் கோபித்துக்கொள்ளலாம் என்று பார்த்தாள். அம்மாவோ தட்டில் கொட்டிய பட்டன்களை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். தப்புச் செய்தவள் முகமா அது? பத்துப்பேர் மெச்சச் சிக்கனமாகக் குடித்தனம் நடத்தியவளின் முகம்.

மறுநாள் மூக்கி அன்னத்தம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு கேட்டாள். எலுமிச்சம்பூ எவ்வளவு, மரத்தில் பூத்திருப்பதா, தரையில் உதிர்ந்து கிடப்பதா? சந்தனம் அரைத்ததா, கட்டையா? அப்பா கலக்குகிற அறையிலிருந்து வெளியே வரும்போது அவர் சட்டை எப்படி இருக்கும்? அன்னத்தம்மா நிறைய நேரம் பேசினார், கத்தரி சற்று மழுங்கியே இருந்தது. மூக்கி பென்சிலை அடியோடு எடுத்துவிட்டுப் புதிதாகக் கலந்தாள். தனக்குத் துளியும் தெரியாத ஒரு வாசனையை அடுத்தவர் ஞாபகத்தைப் பிடித்துக்கொண்டு கட்டினாள்.

பழைய பென்சில் மாதிரியைத் தூக்கிக் கொட்டப் போனவளுக்குக் கை வரவில்லை. பொய்யோ மெய்யோ, அவள் கழுத்தில் இருந்தது அதுதானே. அதிலிருந்து மரியாதைக்குச் சேர்த்த எலுமிச்சம்பூவையும் சந்தனத்தையும் விலக்கி, உதிரிப் பவுடராகவே செய்து இரண்டாவது கிண்ணத்தில் வைத்தாள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தப்பான கிண்ணமும் வேண்டும் என்று மேலாளரிடம் சொன்னாள். அது தொழில் வழக்கம், அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை நீள மேசையைச் சுற்றி ஒரு டஜன் பேர் உட்கார்ந்தார்கள். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், ஒரு தையல்காரம்மா, ஒரு கணக்கு டீச்சர், பூட்டு ரிப்பேர் செய்கிறவர், இப்படிப் பல தரப்பட்டவர்கள். எல்லோருக்கும் அன்னம் டப்பாவைப் பற்றிச் சொல்ல ஒரு கதை இருந்தது. கண்டக்டர் வீட்டுத் தீர்ப்புப்படி கண்ணாடியைப் பிடித்திருந்தது இன்னொரு அன்னமாம். மேசை முனையில் அன்னத்தம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

முதல் கிண்ணம் சுற்றி வந்தது. "நல்லாருக்குங்க" என்றார் கண்டக்டர், வேண்டாத உறவினர் வீட்டுப் பலகாரத்தைச் சொல்கிற மாதிரி. "புதுசா இருக்கு" என்றார் டீச்சர். "ஆனா அன்னம் இது இல்ல." எல்லோரும் தலையை ஆட்டினார்கள். மேலாளர் மூக்கியைப் பார்த்த பார்வையில் பினாயில் நெடி அடித்தது.

கிண்ணம் கடைசியாக அன்னத்தம்மாவிடம் போனது. அவர் மோந்தார். கண்களை மூடினார். திறக்கவே இல்லை. "அப்பா" என்று மட்டும் சொன்னார், பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுவதைப் போல.

மேலாளருக்குத் தலை சுற்றியது. அதற்குள் இரண்டாவது கிண்ணம் கிளம்பிவிட்டது.

"ஐயோ, இதுதான்!" என்று தையல்காரம்மா கத்தியே விட்டார். "இதுதாங்க அன்னம்! எங்க அக்கா பின்னல் போட்டுவிட்டு முதுகுல தட்டுவா பாருங்க, அதே வாசனை!" கண்டக்டர் பவுடரைக் கழுத்தில் பூசிக்கொண்டார், யாரும் கேட்காமலேயே. டீச்சர் கைக்குட்டையில் கொஞ்சம் எடுத்து முடிந்துகொண்டார். பூட்டுக்காரர் கிண்ணத்தைப் பக்கத்து ஆளிடம் தர மனமில்லாமல் பிடித்துவைத்துக்கொண்டார். அது அன்னத்தம்மாவிடம் வந்து சேர்ந்தபோது பாதி காலி.

"இது எங்க பவுடரே இல்ல" என்றார் அவர். "இத்தனை பேரும் தப்பா சொல்றீங்களா, இல்ல என்னை வச்சு விளையாடுறீங்களா?"

மூக்கிக்கு அப்போதுதான் உறைத்தது. தன் வீட்டுக் குட்டு என்று அவள் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தது தன் வீட்டுக் குட்டு மட்டும்தானா?

"ஒரே ஒரு கேள்வி" என்றாள். "உங்க வீட்டுல அன்னம் டப்பா மொத்தம் எத்தனை வாங்கியிருப்பீங்க?"

கண்டக்டர் தொண்டையைச் செருமினார். "ஒண்ணுதாங்க."

"எங்க வீட்லயும் ஒண்ணுதான்" என்றார் தையல்காரம்மா. டீச்சர் கூரையைப் பார்த்தார். "எங்களுது எங்க சித்தி குடுத்தது. அவங்களே காலியாத்தான் குடுத்தாங்க."

"தீந்துபோனா?"

"கடையில உதிரி வாங்கிக் கொட்டிக்குவோம்" என்று பூட்டுக்காரர் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "அவ்வளவு நல்ல டப்பாவைத் தூக்கியா போடுவாங்க?" சொன்ன பிறகுதான் யார் முன்னால் சொன்னோம் என்று பார்த்து அசடு வழிந்தார்.

எல்லோரும் அன்னத்தம்மாவைப் பார்த்தார்கள். அவர் மேசைமேல் இருந்த துருப்பிடித்த டப்பாவைக் கையில் எடுத்தார். மூடியைத் திறந்தார், மூடினார். 'டக்.'

"எங்கப்பா சாகற வரைக்கும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு" என்றார் மெதுவாக. "எந்த வீட்டுக்குப் போனாலும் நம்ம டப்பா இருக்கே, அப்புறம் ஏன் விக்க மாட்டேங்குதுன்னு. வாசனைதான் பிடிக்கலபோலன்னு நினைச்சுக்கிட்டாரு. நம்ம கையில மணம் இல்லன்னு சொல்லிச் சொல்லியே போய்ச் சேந்தாரு." அவர் இன்னொரு தரம் மூடினார். "இந்த மூடிக்கு அச்சுப் போட ஒரு வருஷம் உக்காந்தாரு. தண்ணிகூட உள்ள போகக் கூடாதும்பாரு."

தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்டக்டர் மன்னிப்புக் கேட்கிற மாதிரி எழுந்து நின்றார்.

அன்னத்தம்மாவின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று மூக்கி பக்கத்தில் ஓடினாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிய, நிமிர்ந்த முதுகு வளைய, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "பவுடர்ல தோக்கலடி அவரு! டப்பாவுல ஜெயிச்சுட்டாரு!"

கையெழுத்து அன்றைக்கே ஆனது. யோசனையும் அன்னத்தம்மாவுடையதுதான்: டப்பாவில் அப்பாவின் பவுடர், அது தீர்ந்தால் கொட்டிக்கொள்ள மலிவாகக் காகிதப் பொட்டலத்தில் உதிரிப் பவுடர், பென்சில் வாசனையோடு. "எப்படியும் கொட்டத்தான் போறாங்க. நம்மளுதையே கொட்டட்டும்." மேலாளர் அதைத் தன் யோசனையாக மேலிடத்துக்குச் சொல்லிப் பாராட்டு வாங்கிக்கொண்டார். மூக்கியைப் பற்றிய பினாயில் பேச்சு அத்தோடு ஆவியானது.

முதல் டப்பாவை மூக்கி அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அம்மா மூடியைத் திறந்து மோந்தாள். இன்னொரு தரம் மோந்தாள். பிறகு அண்ணி பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, "வச்சுட்டுப் போ" என்றாள்.

அடுத்த முறை போனபோது புது அன்னம் டப்பா அடுக்களை அலமாரியில் இருந்தது. அண்ணன் பிள்ளைகள் அதிலிருந்து அள்ளிப் பூசிக்கொண்டு வெள்ளையாகத் திரிந்தார்கள். கிட்டே வந்ததும் மூக்கிக்குத் தெரிந்துவிட்டது, பென்சில். அதற்குள் டப்பாவில் உதிரி விழுந்தாகிவிட்டது.

"அம்மா, அசல் பவுடர் எங்க?"

"தீந்துபோச்சுடி."

"ஒரே வாரத்துலயா?"

"இத்தனை பேர் இருக்கிற வீடு" என்று சொல்லிவிட்டு அம்மா அலமாரிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

அம்மாவின் தோளுக்கு மேலே இடிமுழக்கம் பாட்டில் வரிசை தெரிந்தது. தைலம் என்றால் அந்த வீட்டில் ஒரு குழந்தையும் தொடாது, அண்ணி அந்தப் பக்கமே வர மாட்டாள். ஒரு பாட்டில் புதிதாகக் கழுவி வெயிலில் காயவைத்ததுபோல் பளிச்சென்று இருந்தது, உள்ளே வெள்ளையாக ஏதோ. அம்மாவின் கழுத்திலிருந்து எலுமிச்சம்பூ வந்தது. பின்னாலேயே சந்தனம். கல்யாணமாகி முதல் ஆறு மாதம் அம்மா எப்படி மணத்திருப்பாள் என்பது மூக்கிக்கு இத்தனை வருஷம் கழித்து இன்றைக்குத்தான் தெரிந்தது.

"என்னம்மா அது, பாட்டில்ல?"

"தைலம்டி. கழுத்து வலி."

ஊரே நம்புகிற மூக்கு அவளுடையது. அவள் அம்மாவின் கழுத்தில் அதைப் புதைத்து, ஆழமாக மோந்தாள்.

"ஆமாம்மா" என்றாள். "தைலம்தான்."